முக்காலியும் மீன்பையும்

போன மாதம் கீர்த்தனா டாக்டர் போன் செய்தாள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு இப்போது டாக்டர் படிப்பு முடித்த பிள்ளைகள் அப்சர்வராக வருகிறார்களாம். அப்சர்வர் என்றால் பெரிய டாக்டர் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொள்கிறவர். வைத்தியம் செய்யக்கூடாது, பார்க்க மட்டும்தான் செய்யலாம். முடிந்து போகும்போது அந்த டாக்டரிடம் ஒரு சிபாரிசு லெட்டர் வாங்கிக்கொண்டு போவார்கள்.

"எப்படி நிக்கணும், எப்போ கேள்வி கேக்கணும், லெட்டருக்கு எப்படி வாயைத் திறக்கணும், ஒண்ணும் தெரியலக்கா இதுங்களுக்கு. நீங்கதான் அத்தனை பேரைப் பாத்திருக்கீங்களே. எழுதிக் குடுங்க" என்றாள்.

"நான் அஞ்சாங்கிளாஸும்மா."

"தமிழ்லதானே எழுதப்போறீங்க?"

"எனக்கு நாலு பேர் எதிர்ல பேசவே வராதே, நீ வேற."

"அதனாலதான் எழுதச் சொல்றேன். எழுதறப்போ யாரும் எதிர்ல இருக்க மாட்டாங்க."

அதுவும் சரிதான் என்று பட்டது. எனக்கு வழியனுப்பு விழா வைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் நான். இங்கே அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் எப்படி நிற்கணும் எப்படிக் கேட்கணும் என்று பாடமெல்லாம் எனக்குச் சொல்ல வராது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். அதிலும் கீர்த்தனாவின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். இன்றைக்கு அவள் பெரிய டாக்டர். எனக்கு இன்னும் அவள், இவள் என்றுதான் வருகிறது. கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நான் வேலை பார்த்தது மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து திரும்பும் ஒரு சந்தில், மாடியில் இருந்த சர்க்கரை வியாதி கிளினிக்கில். டாக்டரம்மாவின் அம்மா வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கிளினிக்கைக் கூட்டிப் பெருக்க ஆள் வரவில்லை, நீ போய்ட்டு வா என்றார்கள். போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். முதலில் துடைப்பம், பிறகு எடை பார்க்கிற மெஷின், பிறகு பேர் கூப்பிடுவது, பிறகு பிரிட்ஜில் இருக்கிற இன்சுலின் பாட்டிலை எடுத்துக் கொடுப்பது. பேர் கூப்பிடுவதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. கத்திக் கூப்பிட வெட்கமாக இருக்கும். பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்வேன். "உன் சத்தம் எனக்கே கேக்கலை சாந்தா, பேஷண்ட்டுக்கு எப்படிக் கேக்கும்?" என்று டாக்டரம்மா சிரிப்பார். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

டாக்டரம்மா மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். குரல் கொஞ்சம் அதட்டலாக இருக்கும், கை பஞ்சு மாதிரி இருக்கும். பேஷண்ட் உள்ளே வந்ததும் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் விலக்கிப் பார்ப்பார். பிறகு ஒரு கெட்டி நைலான் நூலை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியறதா, இங்க தெரியறதா?" என்று கேட்பார். சர்க்கரை ஏறிப் போனால் பாதம் மரத்துவிடும், முள் குத்தினால்கூடத் தெரியாது. அதற்காக. காலைப் பார்த்த பிறகு கை கழுவுவார். அப்புறம் பேஷண்ட் கொண்டுவந்த மருந்து பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இந்த வரிசை ஒருநாளும் மாறாது.

ஒரே ஒரு விஷயத்தில் மாறும். டாக்டரம்மாவுக்கு மீன் வாசனை ஆகாது. பழக்கமே இல்லாத வீடு. வாசனை பட்டால் முகம் வெளுத்து, எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடுவார். ஊரூர் குப்பத்திலிருந்து மீன் விற்கிற அம்மாக்கள் நிறைய பேர் எங்களிடம் வைத்தியம் பார்த்தார்கள். வியாபாரம் முடித்து அப்படியே பையோடு வருவார்கள். அதனால் அவர்கள் பையை வாசலுக்கு வெளியே ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போவது வழக்கம். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. "டாக்டரு அம்மாவுக்குக் கொமட்டும்" என்று அவர்களே சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். நான் பக்கத்தில் நின்று பூனை வராமல் பார்த்துக்கொள்வேன்.

டாக்டரம்மாவின் ரூமில் வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அப்சர்வர்களுக்கு அதுதான் இடம். பேஷண்டுகள் அவர்களுக்கு வைத்த பேர் முக்காலி டாக்டர். "இன்னிக்கு எந்த முக்காலி டாக்டரு?" என்று என்னிடம் கேட்பார்கள். முக்காலி டாக்டர்களுக்கு டாக்டரம்மா முதல் நாளே மூன்று கட்டளை போடுவார். பேஷண்டைத் தொடக்கூடாது. பேஷண்ட் எதிரில் பேசக்கூடாது. போனைக் கையில் எடுக்கக்கூடாது. கேள்வி இருந்தால் காபி நேரத்தில். பேஷண்ட் எல்லாரும் போன பிறகு பிளாஸ்கில் இருந்து எனக்கும் சேர்த்துக் காபி ஊற்றுவார். அப்போது முக்காலியைப் பார்த்து, "இன்னிக்கு என்ன பாத்தே?" என்று கேட்பார். தினமும் அந்த ஒரே கேள்விதான்.

நல்ல லெட்டரும் ஒப்புக்கு எழுதின லெட்டரும் அந்தக் கேள்வியில்தான் பிரிந்து போகும். சிலர் அன்றைக்குப் பார்த்த ஒருத்தரைப் பற்றி விடாமல் பேசுவார்கள். டாக்டரம்மா மறுப்பார், அவர்கள் பதிலுக்குக் கேட்பார்கள், காபி ஆறிவிடும். அவர்களுடைய லெட்டர் பக்கம் நிரம்பும். சிலர் புத்தகத்தில் இருப்பதை ஒப்பிப்பார்கள். ஒருத்தர் சேர்ந்த முதல் நாளே, "மேம், முடியறப்போ லெட்டர் ஸ்ட்ராங்கா வேணும்" என்றார். டாக்டரம்மா, "உன் பேரே இன்னும் என் வாயில வரலை. அதுக்குள்ள உன்னைப் பத்தி என்னத்தை எழுதறது?" என்றார். இன்னொரு பெண் மாதக்கணக்கில் வந்தாள், நல்ல பெண், வாயே திறக்கவில்லை. கடைசி நாள் கீழே ஆட்டோவை நிற்க வைத்துவிட்டு மேலே ஓடி வந்து லெட்டர் கேட்டாள். ஒழுங்காக வந்து போனார் என்று இரண்டு வரி கிடைத்தது. எனக்கே பாவமாக இருந்தது. கேட்கிறவர்கள் உட்கார்ந்து கேட்கணும். எதற்கு வேண்டும், எங்கே அனுப்பணும், எந்தத் தேதிக்குள் என்று சொல்லிக் கேட்கணும். நான் பார்த்தவரை அப்படிக் கேட்டவர்களுக்கு அவர் இல்லை என்றதே கிடையாது.

கீர்த்தனா வந்தபோது இன்னொரு வாய் திறக்காத பெண் வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆதம்பாக்கத்தில் வீடு. அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். வேளச்சேரிக்கு வந்து பறக்கும் ரயில் பிடித்து, டாக்டரம்மா வருவதற்கு முன்னால் வந்துவிடுவாள். ரூமுக்குள் போகப் பயந்துகொண்டு வெளியே பெஞ்சில் பேஷண்டுகளோடு உட்கார்ந்திருப்பாள். பேச மாட்டாள், ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். யாருக்கு எந்த ஊர், யார் வீட்டில் யார் சமைப்பது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். காபி நேரத்தில் மட்டும் அத்தனையும் தொண்டையில் நின்றுவிடும்.

"இன்னிக்கு என்ன பாத்தே?"

"எல்லாம் பாத்தேன் மேம்."

"எல்லாம்னா? சினிமாவா பாத்துட்டு வந்தே? ஏதாவது ஒண்ணு சொல்லு."

கழுத்து வரைக்கும் சிவந்துபோய்க் காபி டம்ளரைப் பார்ப்பாள். எனக்கு அந்த டம்ளர் பார்வை நன்றாகத் தெரியும். நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

அவளுக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடணும். மூன்று லெட்டர் கேட்டிருந்தார்கள். இரண்டு அவள் படித்த காலேஜில் கிடைத்துவிட்டது. மூன்றாவது, பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு டாக்டரிடமிருந்து வரணும். அந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷம் வரை வீட்டில் பொறுக்க மாட்டார்கள், அத்தை வழியில் ஒரு மாப்பிள்ளை ஏற்கெனவே தயாராக இருந்தார். இதையெல்லாம் மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது என்னிடம் சொன்னாள். "கேட்டுடு" என்றேன். "எப்படிக்கா?" என்றாள். "என்கிட்ட கேட்டுப் பாரு, நான்தான் டாக்டரம்மான்னு வெச்சிக்க."

இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னடி, என்ன பாத்தே?" என்று நான் அதட்டினேன். என் வாழ்க்கையில் யாரையாவது அதட்டினது அன்றைக்குத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. ஒத்திகை அதோடு முடிந்தது.

கடைசியில் ஒருநாள் கேட்டேவிட்டாள். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருக்கும்போது, குழாய்ச் சத்தத்தில் பாதி போய்விடுகிற மாதிரி. அவர் திரும்பாமலே, "நீயே எழுதிண்டு வா. நான் பாத்துத் திருத்தித் தரேன்" என்றார். நிறைய டாக்டர்கள் இப்படிச் சொல்வது உண்டு என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் எழுதிக்கொண்டு வரும் அந்த வாரத்தில்தான் தேசம்மா வந்தாள்.

தேசம்மா குப்பத்தில் மீன் விற்கிறவள். பெசன்ட் நகர் பீச் ஓரமாக அவள் கூடை. ரொம்ப வருஷப் பேஷண்ட். எல்லாருக்கும் மருந்துக்குக் கட்டுப்படுகிற சர்க்கரை அவளுக்கு மட்டும் கொஞ்ச மாதமாகக் கட்டுப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா இன்சுலின் அளவை ஏற்றினார், ஒவ்வொரு தடவையும் சர்க்கரை அப்படியே நின்றது. அன்றைக்கும் காலில் நூலை வைத்துக்கொண்டே திட்டு விழுந்தது.

"ஏம்மா, ஆத்துல அப்படி என்னதான் சாப்பிடறே நீ?"

"இன்னா டாக்டரும்மா, ஒரு வா சோறு, ரெண்டு துண்டு மீனு. வேற இன்னா கீது எங்கூட்ல?"

"ஊசி போட்டுக்கறியா, இல்லை போட்டுக்கறதா எனக்குக் கதை சொல்றியா?"

"சாமி சத்தியமா போட்டுக்கினுதான் கீறேன். நீ வேற, எங்க தூண்டி நரம்ப வெச்சே என்னக் குத்திக்கினு." மீன் தூண்டிலில் கட்டுகிற நரம்பு மாதிரியே இருந்த அந்த நைலான் நூலைக் காட்டித்தான் சொன்னாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அளவை இன்னும் ஏற்றி எழுதினார். "பாட்டில் முடியப்போறதுன்னா நாளைக்கு வந்து சாந்தாகிட்ட புதுசு வாங்கிண்டு போ. சாயங்காலம்தான் ஸ்டாக் வரும். வாங்கிண்டு போய் மத்தியானமே இந்த அளவு போட்டுக்கோ."

அப்போது தேசம்மாவின் பை வெளியே கட்டையில் இருந்தது. நான் உள்ளே ஒருத்தருக்கு எடை பார்க்கணும் என்பதால் கீர்த்தனாவைப் பைக்குக் காவல் நிற்கச் சொன்னேன். அதற்குள் பூனை ஒரு இழு இழுத்துவிட்டது. சிதறினதை எல்லாம் அவள்தான் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். மருந்து பாட்டிலும் அதில் இருந்தது. எல்லாம் போட்டுவிட்டு என்னவோ யோசித்துக்கொண்டு நின்றாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, காபி நேரத்துல மேம்கிட்ட கேட்டுக்கறேன்" என்றாள்.

காபி நேரத்தில் கேட்கவில்லை. அன்றைக்கு டாக்டரம்மா, "என்ன பாத்தே?" என்று கேட்பதற்கு முன்னால், "எங்கே உன் லெட்டர்?" என்று கை நீட்டிவிட்டார். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அந்த லெட்டர் அவள் எழுதினது இல்லை. அப்சர்வர்களுக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு லெட்டர் சுற்றிக்கொண்டிருந்ததாம். யாரோ ஒரு சீனியர் எழுதியது, பேரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். எல்லாரும் அதைத்தான் கொடுக்கிறார்கள், நீயும் கொடு என்றிருக்கிறார்கள். அதில் இருந்த இங்கிலீஷ் எனக்குப் புரியாது. டாக்டரம்மா படிக்கப் படிக்க முகம் மாறினது மட்டும் புரிந்தது. பிறகு தமிழிலேயே சொன்னார்.

"இவர் என் மேற்பார்வையில் நோயாளிகளைத் தனியாகப் பரிசோதித்தார். ஓ! இருதயப் பிரிவில் சிகிச்சைகள் செய்தார். இருதயமா? இந்த ரூம்ல நாம எப்போடி இருதயம் பாத்தோம்?" என்னிடம் திரும்பினார். "சாந்தா, இந்தப் பொண்ணு இங்க யாரையாவது தொட்டாளா?"

"இல்ல மேடம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் ஏதோ அவளை நானே தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

"தொடலைன்னா இது பொய். தொட்டிருந்தா அதைவிடத் தப்பு. இதுல நான் கையெழுத்துப் போடணுமா?" அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா நீ."

அவள் எழுந்து போனாள். மாடிப்படியில் அவள் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. டாக்டரம்மா முக்காலியைத் தூக்கி வெளியே வைக்கச் சொன்னார். வைத்தேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்துவிட்டார், முதல் பேஷண்ட் உள்ளே இருந்தார். தேசம்மா மருந்து வாங்க வந்தாள். அதே நேரத்தில் கீர்த்தனாவும் படியேறி வந்தாள். ரூமில் மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள். கண் வீங்கியிருந்தது. நான் தேசம்மாவுக்காகப் பிரிட்ஜைத் திறந்து இன்சுலின் பாட்டிலை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவள் கோட்டை மறந்துவிட்டாள். தேசம்மா பக்கத்தில் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, இந்த மருந்தை வீட்ல எங்க வெக்கறீங்க?"

"நீ யாரு, நேத்து பூனையோட சண்ட போட்ட முக்காலி டாக்டருதானே? ஜில்லுனு வெக்கணும்னு சொன்னாங்கமா. பிரிட்ஜு ரிப்பேராயி ரொம்ப நாளாச்சு. அதான் மீனு பொட்டியில வெச்சிக்கினு கீறேன்."

"மீன் பெட்டின்னா?"

"தெர்மாகோல் பொட்டிமா. ஐஸு ஒடச்சிப் போட்டு, உப்பு தூவி, மீனு கூடவே. எங்க பொட்டியில வெச்சா கல்லு மாதிரி ஆயிடும், அவ்ளோ ஜில்லு. உன் ஆஸ்பத்திரி பிரிட்ஜு தோத்துடும். நான் எவ்ளோ பத்திரமா வெச்சிக்கினு கீறேன் தெரியுமா?"

கீர்த்தனா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, அந்தப் பாட்டிலைக் குடுக்காதீங்க."

"ஏம்மா?"

"நேத்து அந்தம்மா பாட்டில்ல மீன் செதில் ஒட்டியிருந்தது. பாட்டில் தொட்டா அப்படியே பனிக்கட்டி மாதிரி ஜில்லுனு இருந்தது. உள்ளே துகள் துகளா, பால் திரிஞ்ச மாதிரி. அப்போவே சந்தேகம். இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சுபோனா அதுல சத்தே இருக்காதுக்கா. இத்தனை நாளா அவங்க போட்டுக்கிட்டது செத்த மருந்து. அது வேலை செய்யலைன்னு மேம் அளவை ஏத்திக்கிட்டே போயிருக்காங்க. இப்போ இந்த நல்ல பாட்டில்ல அந்தப் பெரிய அளவைப் போட்டாங்கன்னா, சர்க்கரை ஒரேயடியா எறங்கிடும். பீச்சுல கூடை பக்கத்துல மயங்கி விழுந்தா யாருக்குத் தெரியும்?"

என் கையில் இருந்த பாட்டில் சட்டென்று கனத்துப் போனது. "போய்ச் சொல்லு" என்றேன்.

"நான் எப்படிக்கா? வரவேண்டாம்னுட்டாங்களே. லெட்டருக்காகத்தான் ஏதோ ஜோடிச்சுக்கிட்டு வந்திருக்கேன்னு நினைப்பாங்க."

தேசம்மா இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு, "குடும்மா, போணும், வெயில் ஏறிடும்" என்கிறாள். டாக்டரம்மா சொன்ன மருந்தைத் தர மாட்டேன் என்று சொல்ல நான் யார்? கொடுக்கவும் மனசு இல்லை. பாட்டிலைப் பிரிட்ஜுக்குள் திரும்ப வைத்தேன். வெளியே வைத்திருந்த முக்காலியைத் தூக்கினேன். நேராக ரூமுக்குள் போனேன். வாஷ்பேசின் பக்கத்தில், எப்போதும் இருக்கிற இடத்தில் வைத்தேன்.

டாக்டரம்மா பேஷண்ட் காலிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"முக்காலி எதுக்கு?"

"அந்தப் பொண்ணு வந்திருக்கு மேடம்."

"நான்தான் வரவேண்டாம்னு சொன்னேனே."

"அது ஒண்ணு பாத்திருக்கு மேடம்" என்றேன். "நீங்க கேட்டாச் சொல்லும்."

அவர் கையில் இருந்த நூலைக் கீழே வைத்தார். நான் பேசி அவர் கேட்டதில்லையே. "வரச்சொல்லு" என்றார். உள்ளே இருந்தவரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கீர்த்தனாவை அனுப்பினேன். அவள் முக்காலியில் உட்காரவில்லை, நின்றாள்.

"என்ன பாத்தே?"

"செதில் பாத்தேன் மேம்."

"என்னது?"

அப்புறம் சொன்னாள். முதலில் தடுமாறினாள், பிறகு தடுமாறவில்லை. செதில், துகள், மீன் பெட்டி, ஐஸ், உப்பு, ஏறிக்கொண்டே போன அளவு, புதுப் பாட்டில். அவள் முடித்ததும் டாக்டரம்மா என்னிடம், "தேசம்மாவை உள்ள கூப்பிடு" என்றார். நான் கதவு வரைக்கும் போனதும், "பையோட" என்றார்.

அந்தப் பையோடு ஒருத்தர் அந்த ரூமுக்குள் போனது அதுதான் முதல் தடவை. தேசம்மாவே தயங்கினாள். "வேணாம் டாக்டரும்மா, உனுக்குக் கொமட்டும்." டாக்டரம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கையை நீட்டினார். பழைய பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"எல்லார் பாட்டிலையும் பாக்கறேன்" என்றார். "உன்னோடதை மட்டும் பாக்கலை. எல்லாம் இந்த மூக்கு பண்ணின வேலை."

"நான்தான் நல்லா ஜில்லுனு வெச்சேனே, டாக்டரும்மா?"

"ரொம்ப ஜில்லுனு வெச்சுட்டே, தாயே. ஜில்லுனு இருந்தாப் போதும், உறையக்கூடாது. நீ பண்ணினது ஒண்ணும் தப்பில்லை, நாங்க ஒழுங்கா சொல்லித்தரலை." எழுதிக் கொடுத்த அளவை அடித்துவிட்டு, ரொம்ப நாள் முன்னால் போட்டுக்கொண்டிருந்த அளவிலும் குறைத்து எழுதினார். "இன்னிக்கு நீ வீட்டுக்குப் போகக்கூடாது. இங்கேயே சாப்பிட்டு, இங்கேயே ஊசி போட்டுண்டு, பெஞ்சுல உக்காரு. நான் பாத்துண்டே இருக்கேன்."

"என் மீனு?"

"நானா விக்க முடியும்?"

வெளியே இருந்த பேஷண்டுகள் எல்லாரும் சிரித்தார்கள். தேசம்மா தன் தங்கைக்குப் போன் போட்டுக் கூடையை ஒப்படைத்தாள். நான் பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு வாங்கி வந்தேன். மத்தியானம் முழுக்க நான் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக் கொடுக்க, டாக்டரம்மா வெளியே வந்து வந்து பார்த்தார். கீர்த்தனா கூடவே உட்கார்ந்திருந்தாள், தொடவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை அளவாக இறங்கியது. அளவாக இறங்கி அப்படியே நின்றது. அந்தக் குறைந்த அளவிலேயே அப்படி இறங்கியது என்றால், எழுதியிருந்த அளவைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. தேசம்மா பெஞ்சில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தபோது பயந்துபோய் எழுப்பினோம். "இன்னா, கண்ண மூடினாக்கூட தப்பா?" என்று திட்டினாள். அந்தத் திட்டு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா!

சாயங்காலம் காபி ஊற்றினார் டாக்டரம்மா. கீர்த்தனா எழுந்து போகப் பார்த்தாள்.

"உக்காரு. இப்போ கேளு."

"என்ன மேம்?"

"லெட்டர். குழாய்கிட்ட கேட்டியே, அதை என்கிட்ட கேளு."

அவள் உட்கார்ந்து கேட்டாள். எந்த ஆஸ்பத்திரி, எதற்குப் படிப்பு, எந்தத் தேதிக்குள் போய்ச் சேரணும், எல்லாம் சொன்னாள். கடைசியில், "என்னைப் பத்தி நல்லதா எழுத உங்களுக்கு ஏதாவது இருந்தா மட்டும் எழுதுங்க மேம்" என்றாள். டாக்டரம்மா அன்றைக்கே உட்கார்ந்து தன் கையாலேயே எழுதினார். எழுதினதை எனக்குத் தமிழில் சொல்லியும் காட்டினார், நானும் ஒரு சாட்சியாம். இந்தப் பெண் என் ரூமில் ஒரு நோயாளியையும் தொடவில்லை என்றுதான் முதல் வரி. அதற்கு அடுத்தது, நான் பார்க்காமல் விட்டதை இவள் பார்த்தாள், வரவேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்து சொன்னாள். அதற்குமேல் என்ன எழுதினார் என்று எனக்கு ஞாபகமில்லை. எனக்குக் கண் மங்கிவிட்டது. காபி ஆவி என்று சொல்லிவிட்டேன்.

தேசம்மாவின் பிரிட்ஜ் ரிப்பேராகும் வரை அவள் மருந்து எங்கள் பிரிட்ஜில் இருந்தது. தினமும் வந்து போட்டுக்கொண்டு போனாள். ஒருநாள் நன்றிக்கு ஒரு வஞ்சிர மீனைக் கொண்டுவந்துவிட்டாள். டாக்டரம்மா அதைக் கையால் தொட்டு ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, "சாந்தா, உடனே எடுத்துண்டு போ" என்று சொல்லிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். எங்கள் வீட்டில் அன்றைக்குக் குழம்பு. ஆனால் பைகள் எல்லாம் அதன் பிறகு உள்ளேதான் வந்தன. டாக்டரம்மா தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டே பார்ப்பார். ஜன்னல் கட்டையில் பூனைதான் படுத்திருக்கும்.

கொஞ்ச மாதம் கழித்து ஒருநாள் கீர்த்தனா வந்தாள். உள்ளே போகாமல் என்னிடம் வந்து காதில், "அக்கா, கெடச்சிடுச்சு" என்றாள். நான் பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு அவள் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தேன். "என்கிட்ட ஏன் சொல்றே? உள்ள போய்ச் சொல்லு."

உள்ளே தேசம்மாதான் பேஷண்ட். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பை மேஜைக்குக் கீழே. கீர்த்தனா விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா தலையை ஆட்டினார். கையில் இருந்த நைலான் நூலை அவளிடம் நீட்டினார்.

"போய்க் கை கழுவிண்டு வா. இனிமே நீ தொடலாம்."

அவள் கை கழுவிவிட்டு வந்து நூலை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேசம்மாவின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். நூலைப் பாதத்துக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கூச்சப்படாத, கண்ணு. நான் கூச்சப்பட்டா மீனு விக்குமா?" என்றாள் தேசம்மா.

"கண்ணை மூடிக்கோங்கம்மா. இங்க தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுது."

ஒவ்வொரு இடமாக அவள் தொட்டுக் கேட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு தேசம்மா எல்லாவற்றுக்கும், "தெரியுது, நல்லா தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.